முத்திரை போட்ட நாற்பத்தேழு கிலோ

நர்சிங் படிப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சேவை மனப்பான்மை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். உண்மையான காரணம் சோறு. புதுமுக வகுப்பு படித்த கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் மூன்று காகிதங்கள் ஒட்டியிருந்தன. முதலாவது கணக்குப் பட்டப்படிப்பு, அடுத்தது விவசாயம், கடைசியில் நர்சிங் பட்டப்படிப்பு, ஆண்களுக்கும் நான்கு இடம். நர்சிங்கில் மட்டும்தான் ‘விடுதிச் சாப்பாடு இலவசம், மாதந்தோறும் உதவித்தொகை உண்டு’ என்று இருந்தது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நோயாளிகள் மேல் எனக்கு அன்பு பிறந்தது மூன்றாவது தடவையில்தான்.

என் அப்பா, நைனா, ஒருமுறை எங்கள் செஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேயப் போயிருக்கிறார். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்துக்கும் கல்விக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். அதனால் நான் என்ன படிப்பு என்று சொன்னாலும் அவர் தலையாட்டுவார். அம்மாவின் தம்பி, என் மாமா, அப்படி விடுகிற ஆள் இல்லை.

“ஆம்பள நர்ஸா? இன்னாடா மாப்ள, தலையில வெள்ளத் தொப்பி வெப்பாங்களே, அது உனக்கும் உண்டா?”

விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தேன். தொப்பியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் அதுவரை நான் கவனிக்காத ஒரு வரி இருந்தது. நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கும் வேலை என்பதால், சேருகிறவர் குறைந்தது நாற்பத்தைந்து கிலோ எடை இருக்க வேண்டும். பட்டணத்தில் கல்லூரியிலேயே நிறுத்துப் பார்ப்பார்கள். குறைந்தால் இடம் அடுத்தவனுக்கு.

நான் எத்தனை கிலோ என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் எடை போடுகிற பொருள் மல்லாட்டை ஒன்றுதான். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். நைனா குத்தகை நிலத்தில் கோடைப் பட்டத்துக்கு மல்லாட்டை போட்டு, போன மாதம்தான் பன்னிரண்டு மூட்டையைக் கமிஷன் மண்டியில் போட்டிருந்தார். அந்தப் பணத்தில்தான் என் சட்டை, கால்சட்டை, பூட்ஸ், டிரங்குப் பெட்டி, முன்பணம் எல்லாம். கல்லூரி அனுப்பிய பட்டியலில் கடைசியாக இருந்த ‘நொடி முள் வைத்த கைக்கடிகாரம்’ ஒன்றுக்கு மட்டும் பணம் எட்டவில்லை. நாடி பார்க்க அது கட்டாயம் வேண்டுமாம்.

எடை பார்க்க நைனா என்னை அதே மண்டிக்குக் கூட்டிப் போனார். தரையோடு தரையாக இரும்புப் பலகை வைத்த பெரிய தராசு. நான் ஏறி நின்றேன். எடைக்காரர் குண்டை நகர்த்திப் பார்த்து, “நாப்பத்திரண்டு” என்றார். அடுத்த மூச்சிலேயே, “சாக்குக் கழிவு ஒண்ணு, நாப்பத்தொண்ணு” என்றார்.

“யோவ், என் புள்ளக்கி எதுக்குய்யா சாக்குக் கழிவு?” என்றார் நைனா.

“வேட்டி சட்ட போட்டுனுதான நிக்கிறான்.”

நல்ல வேளை, ஈரக்கழிவு பிடிக்கவில்லை. மல்லாட்டை என்றால் அதற்கும் ஒரு கிலோ போகும்.

எப்படிப் பார்த்தாலும் மூன்று நான்கு கிலோ குறைந்தது. பட்டணத்துக்குப் போக மூன்று வாரம் இருந்தது. அம்மா அன்றைக்கே வேலையை ஆரம்பித்தாள். காலையில் வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டை, பத்து மணிக்குக் களி, மத்தியானம் சோறு, மறுபடியும் சோறு, சாயந்திரம் வாழைப்பழம். நடந்தால் கரைந்துவிடும் என்று கடைக்குக்கூட அனுப்பவில்லை. எங்கள் ஊர்க் கிருஷ்ணகிரி மலைக் கோட்டைப் பக்கம் மாடு ஓடிப்போன அன்றைக்கு, துரத்தப் போன என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவளே ஓடினாள். “மாடு போனா வேற மாடு வாங்கலாம்டா” என்று சொல்லிவிட்டுப் போனாள். வாங்கப் பணம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

தினமும் காலையில் மண்டிக்கு மட்டும் போய் நிறுத்துப் பார்ப்பேன். அங்கே எனக்கு ஒரு ஜோடி கிடைத்தார், மண்டி முதலாளி. அவருக்கு என் பிரச்சினை தலைகீழாக இருந்தது. திண்டிவனத்து டாக்டர் அவரை எண்பத்திரண்டு கிலோ என்று நிறுத்து, நாலு கிலோ குறைக்காவிட்டால் இதயம் நின்றுவிடும் என்று பயமுறுத்தியிருந்தாராம். அவர் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் கூழுக்கு மாறி, ஒரு வாரம் கழித்து மண்டித் தராசில் ஏறினால், எழுபத்தெட்டு. அன்றிலிருந்து மூன்று மாதமாகக் கூழ்தான். மண்டிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கூழின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் நான் இறங்குவேன், அவர் ஏறுவார்.

“இன்னிக்கி எவ்ளோ தம்பி?”

“நாப்பத்திரண்டர, மொதலாளி.”

“ஏறுதுதான? எனக்குப் பாரு, அசையாம எழுபத்தெட்டுலயே நிக்குது. ஒரே வாரத்துல நாலு கிலோ எறக்குனவன் நானு. கூழுன்னா சும்மாவா?”

மூன்று வாரம் தின்றும் நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. கிளம்புகிற அன்று அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளை நாலு மரக்கால் அரிசியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்ற சந்தேகம் இருந்தது. மாமா பஸ் ஏற்றிவிட வந்தார். என் பையில் கனமாக எதையோ போட்டார். இரண்டு கருங்கற்கள்.

“இடுப்புல கட்டிக்கினு ஏறுடா மாப்ள. நம்மூர்ல இல்லாத கல்லா?”

“தப்பு மாமா அது.”

“தப்பா? நம்ம செஞ்சிக் கோட்டைக்கு ராஜா மலையே தூக்கிக் கட்டியிருக்கான். நீ ரெண்டு கல்லு கட்ட மாட்டியா?”

கற்களைப் பையிலிருந்து எடுக்கவில்லை, இடுப்பிலும் கட்டவில்லை. பட்டணம் வரை அவை பையோடு என் மடியில் உட்கார்ந்து வந்தன.

கல்லூரியில் வெள்ளைப் புடவை கட்டிய மேட்ரன் அம்மா எங்களை வரிசையில் நிறுத்தினார். பையைத் திறந்து காட்டச் சொன்னார். கற்களைப் பார்த்து, “இது என்ன?” என்றார்.

“செஞ்சிக் கோட்டைக் கல்லுங்க.”

“ஊர் ஞாபகமா?”

“ஆமாங்க” என்றேன். நர்சிங் துறையில் நான் சொன்ன முதல் பொய்.

சட்டையைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினேன். முள்ளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கூரையைப் பார்த்தேன். “நாற்பத்தேழு” என்று சொல்லி, மேட்ரன் அம்மா எழுதப் போனார்.

இதைக் கேட்டதும் பேசாமல் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அனுபவம் உள்ள யாராவது எனக்கு முன்னால் கல்லூரிக்குப் போயிருந்தால் அதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொன்னேன்: “மேடம், உங்க தராசு தப்பு. நான் நாப்பத்து மூணுதான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “யார் சொன்னது?”

“எங்க ஊர் மல்லாட்ட மண்டியில போட்டாங்க மேடம். தெனமும் போட்டாங்க.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “இந்த மெஷினுக்கு வருஷா வருஷம் சர்க்கார் ஆள் வந்து முத்திரை போடுகிறார். உங்கள் மண்டிக்கு யார் வருகிறார்? உனக்கு இடம் வேண்டுமா வேண்டாமா?”

“வேணும் மேடம். ஆனா...”

“அப்படியானால் நீ நாற்பத்தேழு” என்று சொல்லி, சான்றிதழில் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். பதினைந்து நாளில் முன்பணமும் பட்டியலில் உள்ள சாமான்களும் கொண்டுவர வேண்டும். கடிகாரம் இல்லாமல் வரக் கூடாது.

வீட்டுக்கு வந்து சான்றிதழை நைனாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். நாற்பத்தேழின் மேல் விரலை வைத்தார். என்னைப் பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“இங்க நாப்பத்து மூணு, அங்க நாப்பத்தேழா?” என்றார். “ஒரு மூட்ட மல்லாட்டயும் நீயும் ஏறக்கொறைய ஒரே எடதான்டா.” பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டு மூட்டை, மூட்டைக்கு நாலு கிலோ.

மறுநாள் சந்தை நாள். மண்டியில் பக்கத்து வல்லத்திலிருந்து வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. நைனா என்னைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“மொதலாளி, இது சர்க்கார் சீல் போட்ட புள்ள. நாப்பத்தேழு கிலோ. உங்க தராசுல ஏத்துங்க.”

ஏறினேன். எடைக்காரர் பழக்க தோஷத்தில், “சாக்குக் கழிவு...” என்று ஆரம்பித்து, நைனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாற்பத்து மூன்று.

“பஸ்ல வந்த அலுப்புல எறங்கியிருப்பான்” என்றார் முதலாளி.

“ராத்திரியே அவங்கம்மா ரெண்டு தரம் சோறு போட்டுட்டா. அலுப்பா நாலு கிலோ தின்னுச்சு?”

வண்டியின் மேலே உட்கார்ந்திருந்த வல்லத்துக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “அப்ப மொதலாளி, நீங்க எழுபத்தெட்டுன்னு சொல்றீங்களே, அதுவும் இந்தத் தராசுதான?”

எழுபத்தெட்டோடு நாலைக் கூட்டிக்கொண்டிருந்தது முதலாளியின் முகத்திலேயே தெரிந்தது. தராசு சரி என்றால் நான் பொய்ச் சான்றிதழ். தராசு தப்பு என்றால் அவர் இன்னும் எண்பத்திரண்டு.

எடைக்காரர் பக்கம் திரும்பினார். “இன்னாடா இது?”

“இதுக்கு முந்தின அறுப்புல லாரி பின்னால வந்து தராச முட்டிச்சி, மொதலாளி. அப்பலேர்ந்து நாலு கிலோ கம்மியாதான் காட்டுது. நம்ம பக்கந்தான சாயுதுன்னு நான் கண்டுக்கல.”

“எங்கிட்ட சொல்ல வேணாமா?”

“உங்களுக்கு லாபந்தான மொதலாளி.”

“லாபமா? மூணு மாசமா கூழு குடிக்கிறேன்டா. மச்சினன் கல்யாணத்துல பிரியாணிய மோந்து பாத்துட்டு வந்தேன். ஒரு கிலோகூட எறங்கலயா?” விவசாயிகள் இழந்த மல்லாட்டையைவிட அந்தப் பிரியாணிதான் அவரை அதிகமாக உலுக்கியது என்று நினைக்கிறேன். ஆனாலும் நல்ல மனிதர். கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, அந்த அறுப்பிலிருந்து போட்ட எல்லா மூட்டைக்கும் நாலு கிலோ திருப்பித் தருவதாக அங்கேயே சொன்னார். நைனாவின் பங்கு ஒரு மூட்டைக்கு மேலேயே வந்தது. என் கடிகாரத்தின் விலை சரியாக அதில் அடங்கியது.

அதோடு முடியவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்றார். அதனால் பத்து நாள் தினமும் காலையில் என்னைத் தராசில் ஏற்றினார்கள். நான் எடைக்கல் ஆகிவிட்டேன். எடைக்கல் கரையவும் கூடாது, வளரவும் கூடாது. நான் இளைத்தால் வித்தியாசம் அதிகம் தெரியும், முதலாளிக்கு நஷ்டம். பெருத்தால் வித்தியாசம் குறையும், விவசாயிகளுக்கு நஷ்டம். முதலாளி வீட்டிலிருந்து தூக்கு நிறைய லட்டு வர ஆரம்பித்தது. வல்லத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, காலார ராஜகிரி மல ஏறிட்டு வாயேன், காத்து நல்லா இருக்குது” என்றார். அம்மா இரண்டு பக்கத்தையும் நம்பாமல், என்னை ஒரு தும்மல்கூடப் போடவிடாமல் நாற்பத்தேழிலேயே வைத்திருந்தாள். லட்டை மாமா தின்றார்.

கடைசி நாள் கடிகாரம் வாங்கத் திண்டிவனம் போனோம்; பெட்டியோடு அங்கிருந்தே நான் பட்டணத்துக்கு பஸ் ஏறுவதாக ஏற்பாடு. மறுநாள் காலை பத்து மணிக்குள் நான் கல்லூரியில் இருக்க வேண்டும். நொடி முள் நன்றாக ஓடியது. கடைக்காரர் பெட்டியில் போடப் போனார். நைனா தடுத்தார்.

“இருப்பா. சரியா ஓடுதான்னு பாக்கணும்.”

கடைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்துக்குப் பக்கத்தில் என் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டு வந்தார். பிறகு சுவர்க் கடிகாரம் சரியா என்ற சந்தேகம் வந்து, என் கையில் புதுக் கடிகாரத்தைக் கட்டி ரயில் நிலையத்துக்கு அனுப்பி அங்கே மணி பார்த்து வரச் சொன்னார். மூன்றும் ஒன்று என்று தெரிந்த பிறகுதான் பணத்தை எடுத்தார். பட்டணத்து பஸ் போயே போய்விட்டது. கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

மறுநாள் பஸ் நிலையத்தில் அசந்து தூங்கி எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மேட்ரன் அம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றபோது என் கடிகாரத்தில் பத்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. அவர் சுவரைக் காட்டினார். அங்கே பத்தாகி இரண்டு நிமிடம்.

“தாமதம். என்ன சொல்கிறாய்?”

ரயில் நிலையத்துக் கடிகாரம் என் நாக்கு நுனி வரை வந்தது. நைனா ஒரு மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றதும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

“மன்னிச்சிருங்க மேடம்.”

அவர் பதிவேட்டில் என் பெயரை எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, “சுவரில் இருப்பது ஐந்து நிமிடம் வேகமாக ஓடும். தராசு தப்பு என்ற நீ இதையும் சொல்கிறாயா என்று பார்த்தேன்” என்றார்.