மேக்ஸ்வெல் வாங்கிய பியட்

கள்ளிக்குப்பத்து இக்னேஷியஸ் முப்பத்தாறு வருடம் ஆவடியில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். இன்ஜின் விஷயத்தில் வீட்டில் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

ஒரே மகன் மேக்ஸ்வெல் ஆசைப்பட்டு ஒரு பழைய பியட் காரை வாங்கி வந்தான். ஸ்டார்ட் செய்தால் டக்டக்கென்று தட்டியது.

"டேப்பெட் லூசாகீது. டைட் பண்ணு" என்றார் இக்னேஷியஸ்.

"நாலு தபா பண்ட்டேன் நைனா. திரும்ப லூசாவுது. கேம்ஷாஃப்ட்டே தேஞ்சிருக்கும்."

"செல்போன்ல வீடியோ பாத்துட்டு எனக்கே இன்ஜின் கத்துக்குடுக்கிறியா?"

கூட நின்ற அவன் நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். மேக்ஸ்வெல் பானெட்டை மூடினான். அதற்குப் பிறகு காரைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை.

மூன்றே வாரம். திருமழிசையில் வேலை முடிந்து பைக்கில் திரும்பியவனை லாரி அடித்துப் போட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மனைவி தெரசா சொன்னாள்: "அந்தக் கார வித்துடுங்க. பாக்க முடியல."

ஓடுகிற வண்டியாகக் கொடுப்போம் என்று இக்னேஷியஸ் இன்ஜினை இறக்கினார். வால்வுகளைத் தூக்கிவிடும் அந்த கேம்ஷாஃப்ட் தண்டை உருவி, அதன் மேடுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மூன்றாவதில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. மேடே இல்லை.

வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் சொன்னதுதான் தெரசா. நாலு பேர் முன்னாடி அவன..."

"தெரியும்" என்றாள் அவள். "நைனாவுக்கே ஒருநாள் புரியும், நீ அவர ஒண்ணும் கேக்காதன்னு எங்கிட்ட சொன்னான்."

புது கேம்ஷாஃப்ட்டை வாங்கி வந்து, பத்து நாள் தனியாளாகவே வேலை பார்த்தார். முதல்முறை இன்ஜின் ஓடும்போது இருபது நிமிடம் வேகத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் புதுத் தண்டும் கெட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தட்டல் இல்லை. அந்த இரைச்சலுக்குள் வாய்விட்டு அழுதார். தெருவில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுவாரம் பூந்தமல்லியிலிருந்து கோதண்டம் என்பவர் காரை வாங்க வந்தார். ஓட்டிப் பார்த்து அசந்துபோனார்.

"இன்ஜின் நீங்க பண்ணதா சார்?"

"கோளாறக் கண்டுபுடிச்சது என் புள்ள."

"அப்டியா! கூப்புடுங்க, ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்."

இக்னேஷியஸ் சாவியைத் துடைத்துக்கொண்டே நின்றார். "வேலைக்குப் போய்க்கீறான்" என்றார்.

கதவோரம் நின்ற தெரசா அதைக் கேட்டாள். உள்ளே போனாள்.