நீலச் சட்டைப் படையின் கடைசி வார்னிஷ்

எங்கண்ணன் லிஃப்ட் ரிப்பேர்காரன். பகலெல்லாம் கை நிறைய கிரீஸ். வீட்டுக்கு வந்ததும் தேய் தேய்னு கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத சிப்பாய் பொம்மைக்குக் கண் எழுத உட்கார்ந்துடுவான். கல்யாணம் காட்சி ஒண்ணும் பண்ணிக்கல. "பொம்மைக்கு மீசை வரையுற நேரத்துல ஒரு பொண்ணைப் பாத்திருந்தா இந்நேரம் பேரன் எடுத்திருப்பே"ன்னு கத்துவேன். "இதுங்க எதிர்த்துப் பேசாது"ம்பான் கடங்காரன்.

அந்தப் பொம்மைகளை மேஜையில நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுறதுதான் அவன் விளையாட்டு. எதிரே உட்கார ஒரே ஆள், பல்செட் செய்யுற கூட்டாளி. பத்தொன்பது வருஷமா ஞாயிறு தவறாம வந்து தோத்துட்டுப் போவார். எங்க வீட்டுல அவருக்குப் பேரே 'எதிரி'தான்.

வயித்துல கட்டின்னு ஆஸ்பத்திரியில சேத்தப்போ, நாப்பத்திரண்டு நீலச் சட்டைக்காரங்களுக்குப் பெயின்ட் முடிச்சிருந்தான். பொம்மை நிக்குற அடித்தட்டு வேலையும் வார்னிஷும் பாக்கி. "முழுசா முடிஞ்சதை ஒரு தடவை பாத்துட்டா போதும்"னான். வேற எதையும் கேக்கல, பாவி.

தூரிகையே தொடாத நான் டிபன் டப்பாவுல தினம் ஆறு பேரைக் கொண்டு போனேன். அவன் படுத்துக்கிட்டே சொல்லச் சொல்ல, அடித்தட்டுல பசை தடவி, மணல் தூவி, பொய்ப்புல் ஒட்டினேன். படுக்கையில மணல் கொட்டுதுன்னு நர்ஸம்மா திட்டினாங்க. நாங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி சிரிச்சோம்.

"வார்னிஷ் ஸ்ப்ரேயை மட்டும் வெயில் வந்தப்புறம் அடி. ஈரக் காத்துல அடிச்சா வெளுத்துடும்"னான்.

வெயில் எங்க வந்துச்சு? நாலு நாளா விடாத மழை. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, "இன்னைக்கோ நாளைக்கோம்மா"ன்னார். இனி வெயிலுக்குக் காத்திருக்க ஏது நேரம்? வீட்டுக்கு வந்து பால்கனியில வரிசையா நிறுத்தி அடிச்சுட்டேன். கண்ணு முன்னாலேயே நீலமெல்லாம் சாம்பல் பூத்து, முகமே தெரியாமப் போச்சு. தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன்.

மறுநாள் காலையில வெறுங்கையோட போனேன். வாசல்பக்கமே பாத்துட்டிருந்தான். "எங்க?"ன்னான்.

"இன்னும் காயலண்ணா."

"அப்போ தொடாதே, நல்லா காயட்டும். நாளைக்குக் கொண்டு வா"ன்னான்.

அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போயிட்டான்.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒருநாள் எதிரி வந்தார். பெட்டியைத் திறந்து காட்டி, "நான்தான் கெடுத்தேன்"னேன். அவர் அண்ணன் மேஜை டிராயரைத் திறந்தார். பளபளப்பு வார்னிஷ் பாட்டிலை எடுத்து ஒரு சிப்பாய் மேல தூரிகையால லேசா தடவினார். சட்டை நீலமாச்சு. மீசை வந்துச்சு. அண்ணன் எழுதின கண்ணு வந்துச்சு.

"இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல தங்கச்சி, என்னோடது வெளுத்தப்போ உங்கண்ணன்தான் சொல்லிக் கொடுத்தான். அவனையே கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். கெடுத்துட்டேன்னு சொல்லியிருந்தா, "அவசரக் குடுக்கை"ன்னு திட்டிட்டு அவனே வழி சொல்லியிருப்பான். பயந்து போய்ப் பொய் சொன்னேன். எதிரி நாப்பத்திரண்டையும் என் கண்ணு முன்னாலேயே முடிச்சார். முக்கால் மணி நேரம்தான் ஆச்சு.