மைனஸ் பன்னிரண்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கதவிலிருந்து தண்ணீர் மோட்டார் வரைக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் உற்சாகம் தாங்காமல் எங்கள் வைஃபை பெட்டிக்கும் ஒன்று வைக்க வந்தார். "வெளியில தாராளமா வைங்க சார், மூடியை மட்டும் திறந்துடாதீங்க" என்று பதறினேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சந்தன வாசனை வந்தாலே எனக்குக் கீழ்க்கட்டளையில் நான் வேலை பார்த்த மாடி அறையும், ஃபியூஸ் போகிற 'டப்' சத்தமும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

டிப்ளமோ முடித்ததும் நான் சேர்ந்த முதல் வேலை அது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டு மாடி, இரண்டு மேஜை, முதலாளி ராகவன் சார், என் வயதுக்காரி ஸ்டெல்லா, நான். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் கருவியை நானும் ஸ்டெல்லாவும் உருவாக்கிக்கொண்டிருந்தோம். ஹெட்ஃபோனில் மெல்லிசாக ஒலி வரும். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், எனக்கு ஒன்றுமே கேட்காத இடத்திலும் ஸ்டெல்லா கையைத் தூக்குவாள். பாம்புச் செவி அவளுக்கு. "நீ செவிடுடி" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒலி என்பது மேலும் கீழுமாக ஆடுகிற சமாசாரம். அதனால் கருவிக்கு பிளஸ் பன்னிரண்டு வோல்ட்டும் வேண்டும், மைனஸ் பன்னிரண்டும் வேண்டும். மைனஸை உண்டாக்க ஒரு சின்ன ஸ்விட்சிங் சிப் போதுமே என்று நான் சோம்பேறித்தனமாக யோசனை சொன்னேன். ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. "அது கீச்சுனு கத்தும்டி. குழந்தைங்க காதுல நம்ம இரைச்சலை ஊத்தக் கூடாது" என்றாள். ஆகவே பிளஸ் பக்கம் 7812, மைனஸ் பக்கம் 7912 என்று, வோல்ட்டை ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கும் மூன்று கால் ரெகுலேட்டர் பக்கத்துக்கு ஒன்று. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், குணம் வேறு. பிளஸ்காரனின் முதுகுத் தகடு கிரவுண்ட். இரும்புப் பெட்டியில் நேராகவே திருகலாம். மைனஸ்காரனின் முதுகிலோ உள்ளே வருகிற மின்சாரமே நிற்கும், பெட்டியில் பட்டால் ஷார்ட். அதனால் இடையில் மெல்லிய மைக்கா தகடு வைத்து, சூடு கடந்துபோக வெள்ளைப் பசை தடவி, திருகுக்கும் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டித் திருகியிருந்தோம்.

ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமில்தான் கருவி முதன்முதலாக வெளியே போக வேண்டும். விஜயதசமிக்கு மறுநாள் முகாம். ஆயுத பூஜைக்குக் கருவியைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாயிற்று. வைத்ததைத் தொடக் கூடாதே, கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். விஜயதசமி காலையில் ராகவன் சார் கற்பூரம் காட்டி, அவர் கையாலேயே ஸ்விட்சைப் போட்டார். டப். ஃபியூஸ் போயிற்று. மாற்றினோம், அதுவும் போயிற்று.

அவர் முகம் வாடிவிட்டது. "பூஜை பண்ணிப் போட்ட முதல் ஸ்விட்சே இப்படி ஆயிடுச்சேம்மா. நாளைக்கு வெளிநாட்டு மெஷினை வாடகைக்கு எடுத்துக்கலாம். இனிமே வாங்கி விக்கறதோட நிறுத்திக்குவோம், டிசைன் எல்லாம் நமக்கு வேணாம்."

எனக்கு அழுகை முட்டியது. ஸ்டெல்லா அழவில்லை. "சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஆம்ப்ளிஃபயர் போர்டைத் துண்டித்தோம், அப்போதும் ஃபியூஸ் போயிற்று. மைனஸ் பக்கம் கெப்பாசிட்டரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போக வேண்டும், அதை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. டயோடுகள் நல்ல நிலையில் இருந்தன. மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. பூஜைப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே ஸ்டெல்லா மீட்டரின் ஒரு முனையை 7912-இன் முதுகிலும் இன்னொன்றைப் பெட்டியிலும் வைத்தாள். கத்தக் கூடாத மீட்டர் பீப் என்று கத்தியது. திருகைக் கழற்றினால் மைக்காவைக் காணோம், பசையைக் காணோம். கழுவித் துடைத்த மாதிரி வெறும் இரும்பு. ரெகுலேட்டரின் நெற்றியில் மட்டும் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"சார், இதை நீங்க தொடச்சீங்களா?"

"ஆமாம்மா. பூஜைக்கு வைக்கறோமே, உள்ளயும் சுத்தமா இருக்கட்டும்னு கழட்டித் தொடச்சேன். வெள்ளையா பிசுபிசுன்னு அழுக்கு, ஏதோ பிளாஸ்டிக் கவர் வேற ஒட்டிக்கினு இருந்துது..." என்றவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாலிபத்தில் அவர் பழகியதெல்லாம் பிளஸ் மட்டும் உள்ள ரேடியோக்கள். பாவம், பக்தியில் செய்தது.

மைக்காவும் வளையமும் குப்பையோடு போய்விட்டன. பண்டிகை நாளில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் யார் கடை திறப்பார்கள்? ஸ்டெல்லா விடுவிடுவென்று தெருமுனைக்குப் போனாள். அங்கே இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் செய்கிறவர் பூஜை முடித்துக் கடையைத் திறந்து வைத்திருந்தார். இஸ்திரிப் பெட்டிக்குள்ளும் மைக்காதானே! ஒரு துண்டைக் கத்தரித்து வாங்கி வந்தாள். திருகு பெட்டியில் படாமலிருக்க என் பேனா ரீஃபிலில் ஒரு துளி நறுக்கி மாட்டினோம். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டோம். மைனஸ் பன்னிரண்டு, ஆடாமல் அசையாமல் நின்றது. சந்தோஷத்தில் இரண்டு பேரும் கத்திய கத்தலில் ராகவன் சார் இன்னொரு ஷார்ட் என்று நினைத்து ஓடிவந்தார்.

மறுநாள் ஊரப்பாக்கத்தில் ஹெட்ஃபோன் மாட்டிய முதல் சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, சட்டென்று கையைத் தூக்கினாள். ராகவன் சார் டிசைனை நிறுத்தும் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

இப்போது அந்த மாடி இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம். இந்தச் சோதனையைக் கைபேசியிலேயே செய்கிறார்கள். கடையில் 7912 கேட்டால், 7812 போதாதா மேடம் என்கிறார்கள். வைஃபை கதையைச் சொல்லிச் சிரிக்க அன்று சாயந்திரம் கிழக்குத் தாம்பரத்திலிருக்கும் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அவள் காதில் இப்போது ஹியரிங் எய்ட்.

"அதைக் கழட்டிப் பார்த்துட்டேன்டி" என்றாள் உற்சாகமாக. "பொட்டு மாதிரி ஒரே ஒரு பேட்டரி. மைனஸ் வோல்ட்டே இல்ல. ஆனா இரைச்சல் இல்லாம பண்ணியிருக்கான், கெட்டிக்காரன்."

"நம்ம மெஷின்ல கடைசியா மெல்லிசா ஒண்ணு வருமே, நீ மட்டும் கையைத் தூக்குவியே, அது உனக்கு இப்பக் கேக்குமா?" என்று கேட்டேன். மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது.

"அது போய் ரொம்ப நாளாச்சு" என்றாள்.

'நீ செவிடுடி' என்று திருப்பிச் சொல்ல இத்தனை வருஷமாகக் காத்திருந்தவள் நான். சொல்ல வாய் வரவில்லை.