மாமனாரின் காதும் நூறில் ஒன்றும்

தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ‘மரம் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அசையமாட்டார் என்பதற்காக அல்ல, அதுவும் ஓரளவு உண்மை என்றாலும். அவர் வேலையே மரம் வரைவதுதான். உச்சியில் ஒரு பெட்டி: ‘தொட்டியிலிருந்து வாயு கசிகிறது.’ அது எதனால் நடக்கலாம் என்று கீழே கீழே பெட்டிகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தத் தொட்டியை இந்த வருடமே திறந்து சோதிக்க வேண்டும், எது இன்னும் சில காலம் பொறுக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வார். பதினேழு வருடமாக இந்தத் தலைகீழ் மரங்களை வளர்த்துவருகிறார். ஒரு தொட்டியின் மேலும் ஏறியதில்லை. ஏறினால் தலை சுற்றுமாம்.

அதே தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் நாற்காலியில் இருப்பவர் அவருடைய மாமனார். வீடும் ஒரே வீடு. முப்பத்தோரு வருட சர்வீஸ், ஓய்வுபெறப் பதினான்கு மாதம் பாக்கி. இடது காது போய் மூன்று வருடமாகிறது. வலது காதும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அவர் டிவி பார்க்கும் சத்தத்தில் மாடிவீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை அணைத்துவிட்டு இவர் போடும் செய்தியைக் கேட்டுக்கொள்வார்கள்.

“காது மெஷின் வச்சுக்கச் சொல்லேன் உங்கப்பாவை,” என்று மரம் சார் ஒருநாள் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

“வச்சுக்கிட்டுப் போனா அன்னிக்கே அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி ஸ்டோர்ல உக்கார வச்சுடுவாங்க. அப்பா தாங்கமாட்டார். இன்னும் பதினாலே மாசம். நீங்க வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க, போதும்.”

சும்மா இருப்பது மரம் சாருக்குக் கைவந்த கலை.

அந்தச் சமயத்தில்தான் நான்காம் எண் தொட்டியின் முறை வந்தது. உள்ளே அழுத்தம் எகிறினால் காப்பாற்ற மூன்று பேர் உண்டு: தானாக மூடிக்கொள்ளும் வால்வு, வாயுவைப் பத்திரமாக வெளியே விடும் வால்வு, எச்சரிக்கை மணி கேட்டு எழுந்து குழாயை மூடும் ஆபரேட்டர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கைவிட்டால்தான் தொட்டி கிழியும். ஆகவே மூன்று எண்களையும் பெருக்க வேண்டும். மூன்றாவது பெட்டிக்கு அட்டவணை விடை வைத்திருந்தது: பயிற்சி பெற்ற ஆபரேட்டர் மணிக்கு எழாமலிருக்கும் வாய்ப்பு, நூறில் ஒன்று.

பயிற்சி பெற்றவர்தானே? முப்பத்தோரு வருடம்! மரம் சார் நூறில் ஒன்று என்று எழுதினார். அன்று காலைதான் அதே ஆபரேட்டரின் அறைக்கதவை நான்கு முறை இடித்து, “மாமா, பஸ் போயிடும்!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு வந்திருந்தார்.

பெருக்கியதும் எண் சமத்தாக அபாயக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. சோதனை மூன்று வருடம் தள்ளிப்போயிற்று. உற்பத்தியை நிறுத்த வேண்டாம் என்ற மகிழ்ச்சியில் மேலாளர் கூட்டத்தில் கைதட்டினார். மற்றவர்களுக்கும் கைகள் இருந்ததால் அவர்களும் தட்டினார்கள்.

அடுத்த வாரம் தணிக்கைக்கு வெளியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். மரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இந்த மூணாவது பெட்டி. நேர்ல போய்ப் பார்த்தீங்களா?”

“அட்டவணையிலேயே இருக்கு, மேடம்.”

“அட்டவணையா எழுந்து போய்க் குழாயை மூடப்போகுது? வாங்க, மணியை அடிச்சுப் பார்த்துடுவோம். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

கட்டுப்பாட்டு அறைக்குத் தாழ்வாரத்தின் பக்கம் பெரிய கண்ணாடிச் சன்னல். மாமனார் சன்னலைப் பார்த்தபடி பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். எச்சரிக்கை விளக்குகள் அவர் முதுகுக்குப் பின்னால். பொறியாளர் தாழ்வாரத்திலேயே நின்று சோதனைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். மணி அடித்த அடியில் தாழ்வாரத்தில் போனவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். மாமனார் நிதானமாக ஒரு பக்கத்தைப் புரட்டி, தேதி எழுதினார்.

பத்து விநாடி. இருபது. பொறியாளரின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. மரம் சாரின் வலது கை எழுந்து, சன்னலில் ஆடி, பின்னால் பார் என்று காட்டியது. பதினேழு வருட சர்வீஸில் அவர் செய்த முதல் உடலுழைப்பு அதுதான். மாமனார் நிமிர்ந்தார். மருமகனின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்பிச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். ஓடிப்போய் மூடினார்.

“நாப்பத்திரெண்டு விநாடி. பரவாயில்லையே!” என்று குறித்துக்கொண்டார் பொறியாளர்.

அன்று மாலை வீட்டில் டிவி ஓடவில்லை.

“எவ்வளவு நேரமா அடிச்சுது, மாப்பிள்ளை?” என்று கேட்டார் மாமனார்.

மரம் சார் டிவி ரிமோட்டை எடுத்து மேசையில் நேராக வைத்தார்.

“அந்தத் தொட்டிக்குக் கீழ பன்னிரண்டு பேர் வேலை செய்யறாங்க. அத்தனை பேரும் எனக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் உள்ள போறாங்க. நீங்க தினமும் வந்து அந்தச் சன்னல்ல நிப்பீங்களா?”

மனைவி சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை. மரம் சாருக்குத் தன் வலது கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று பொறியாளரின் அறைக்குப் போனார். அவருக்கு முன்பே ஒருவர் அங்கே போய்விட்டிருந்தார். காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

“எனக்குக் காது சுத்தமா போச்சும்மா. மூணு வருஷமா மறைச்சுட்டேன். நேத்து விளக்கைப் பார்த்துட்டுத்தான் எழுந்தேன். என் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. அவர் கணக்குல சுத்தமான மனுஷன். அவரை இதுல இழுக்காதீங்க.”

பொறியாளர் வாசலில் நின்றவரைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதா, சார்?”

ஒரு தலையாட்டல் போதும். அவர் பேரும் வேலையும் பிழைத்துவிடும்.

“தெரியும், மேடம். கை காட்டினதும் நான்தான்.” அது முணுமுணுப்பாகத்தான் வந்தது. பொறியாளருக்குக் கேட்டது, எழுதிக்கொண்டார். இரண்டடி தள்ளி நின்ற மாமனாருக்குக் கேட்கவில்லை. மருமகன் தன் பேச்சை ஒட்டியே ஏதோ சொல்லிவிட்டதாக எண்ணி, அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது பெட்டியில் மரம் சார் நூறில் ஒன்றை அடித்துவிட்டு வெறும் ‘ஒன்று’ என்று திருத்தி எழுதினார். ஒன்றால் பெருக்கினால் எதுவும் குறையாது. பெட்டி இருந்தும் இல்லாத மாதிரி. நான்காம் தொட்டியை அந்த மாதமே திறந்தார்கள். ஓரிடத்தில் தகடு அரித்து மெலிந்திருந்தது. மரம் சாருக்கு எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. அலுவலகத்தில் அதைப் படிக்காதவர் இல்லை. மாமனார் ஸ்டோருக்குப் போனார். காது மெஷினை, “இனிமே எதுக்கு?” என்று வேண்டாமென்றுவிட்டார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் உரக்கச் சொல்கிறார்: “போனது என் நாற்காலியோட போச்சு. மாப்பிள்ளை பேர்ல ஒரு கரி விழ விடலையே நான்!”

பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை குனிந்து உட்கார்ந்திருப்பார். அப்படியில்லை மாமா என்று சொல்ல வேண்டுமானால், மாடிவீடு வரை கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும். இதுவரை கத்தவில்லை.