மொட்டை மாடியில் ஒரு சாக்பீஸ் அறை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் டீ எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். (ஆமாம், டீ போட்டது நான்தான். நம்பாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.)

என் மனைவி ஸ்டெல்லா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிட்டே போய் டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை.

"கதவைத் தட்டிட்டு வாங்க."

எந்தக் கதவு? மேலே வானம், சுற்றிலும் ராயபுரம். குனிந்து பார்த்தால் தரையில் சாக்பீஸ் கோடு. பத்தடிக்குப் பத்தடி ஒரு கட்டம். ஓர் இடத்தில் மட்டும் கோடு இல்லை. அதுதான் கதவாம். நான் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேனாம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் வெளியே போனேன். காற்றில் இரண்டு தட்டு தட்டினேன்.

"யாரு?"

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "நான்தான்" என்றேன். "வாங்க" என்றாள். இப்போது டீயை வாங்கிக்கொண்டாள்.

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ, தெரியவில்லை.

சரி, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு அகலம் பன்னிரண்டு அடிதான். நீளம் தாராளம். முன் அறை, அதற்குப் பின்னால் நடு அறை, பிறகு சமையலறை, கடைசியில் பாத்ரூம். எல்லாம் ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாக. நடு அறையில்தான் எங்கள் கட்டில், அங்கேயேதான் ஸ்டெல்லாவின் தையல் மிஷின். யாருக்குத் தண்ணீர் வேண்டுமானாலும், பாத்ரூம் போக வேண்டுமானாலும் அந்த அறையைக் கடந்துதான் போக வேண்டும். கேஸ் சிலிண்டர்கூட அப்படித்தான் போகும்.

இந்த வருடம் மகள் பெனிட்டா கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் பேச்சு கிளம்பியது. வேறு வீட்டுக்குப் போவதா? இருக்கிற வீட்டின்மேல் ஓர் அறை கட்டுவதா? பெனிட்டா கட்சி – மாதவரம் தாண்டி ஒரு ஃப்ளாட். லிஃப்ட் உண்டு, ஜிம் உண்டு, தோழிகளிடம் சொல்லிக்கொள்ள ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. என் கட்சி – மாடியில் ஓர் அறை. யாருக்கு அறை என்கிறீர்களா? எழுதுகிறவனுக்கு ஒரு தனி அறை வேண்டாமா? மேஜையை எந்தப் பக்கம் போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். துறைமுகத்தில் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அறை கண் முன்னால் வந்து நிற்கும்.

இரண்டு மாதம் சண்டை. நடுவில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவை யாராவது கேட்டோமா? கேட்கவில்லை. அவள் எங்களுக்குக் காபி கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மூவரும் ஃப்ளாட்டைப் பார்க்கப் போனோம். டை கட்டிய ஒரு பையன் மூச்சு விடாமல் பேசினான். பெனிட்டா பால்கனியில் செல்ஃபி எடுத்தாள். நான் குழாயைத் திறந்து பார்த்தேன். திரும்பினால் ஸ்டெல்லாவைக் காணோம். இருப்பதிலேயே சின்ன பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று நினைத்து அந்தப் பையன் சாவி எடுக்க ஓடினான்.

கதவைத் திறந்துகொண்டு சாவகாசமாக வந்தாள். "நல்லாகீது" என்றாள். ஃப்ளாட்டைச் சொல்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். பெனிட்டாவுக்கு ஒரே கொண்டாட்டம், எனக்கு மேஜை போன துக்கம்.

அன்று சாயங்காலமே அளவு டேப்பும் சாக்பீஸுமாக மாடி ஏறிவிட்டாள். என்ன இது என்று கேட்டதற்கு, "கோடு போட்டுப் பாக்காம துணில கத்திரி வெப்பாங்களா?" என்றாள். தையல்காரியிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியுமா?

மறுநாள்தான் நான் டீயோடு போய்க் காற்றில் கதவு தட்டியது.

"இன்னா பண்ணிகினு கீறே இங்க?" என்றேன்.

"ஒண்ணியும் பண்ணல. சும்மா குந்திகினு கீறேன்."

"மிஷினைத் தூக்கியாந்து போடட்டா?"

"அது கீழயே கெடக்கட்டும்." டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நான் படுத்தா என்னைத் தாண்டிப் போறீங்க. குந்துனா மிஷினைத் தாண்டிப் போறீங்க. பெனிட்டா பொறந்து ஆஸ்பத்திரில இருந்து வந்து படுத்தேனே... அன்னிக்கே உங்க சித்தப்பா என் காலைத் தாண்டிகினு பாத்ரூமுக்குப் போனாரு. யாரையும் குத்தம் சொல்லல. வழி அதான், இன்னா பண்ணுவாங்க? ஆனா யாரும் தாண்டிப் போவாத ஒரு எடம் எனுக்கு வேணுங்க. அங்க நான் ஒரு வேலையும் செய்ய மாட்டேன். சும்மா இருப்பேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு வருடம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவளைத் தாண்டியிருப்பேன்? அதற்கு மேல் என் மேஜையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"அப்ப ஃப்ளாட்டுக்கே போயிடலாமா?"

"தெருவுல எனுக்கு இன்னா கொறை? ஜாக்கெட் குடுக்கறவங்க இங்க கீறாங்க, சர்ச்சு கீது, மீன் மார்க்கெட் கீது. பேஜாரு எல்லாம் வூட்டுக்குள்ளதான்."

அந்த நேரம் பார்த்து ரெஜினா அக்கா வந்தார். பக்கத்து வீடு, கருவாட்டு வியாபாரம். இரண்டு மாடிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். அவர்கள் மாடியை ஒரு நாலு மாடிக் கட்டடம் மறைத்துவிட்டதால் பல வருடமாக எங்கள் மாடியில்தான் நெத்திலி காய்கிறது. அனுமதி கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. வழக்கம்போலக் கூடையோடு சுவரைத் தாண்டி வந்தவர், கோட்டைப் பார்த்து நின்றுவிட்டார். ஏனென்றால் ஸ்டெல்லாவின் அறை இருந்தது நெத்திலியின் இடத்தில், அந்த நாலு மாடி நிழல் எட்டாத ஒரே மூலையில்.

"இன்னாம்மே இது? பாண்டி ஆடப் போறியா?"

"ரூம்க்கா. கட்டலாம்னு பாக்கறோம்."

அக்கா வாயைத் திறந்தால் காசிமேடுவரை கேட்கும். ஆனால் அவர் கூடையை இறக்கி வைத்தார், சுற்றிக்கொண்டு போய்க் கோடு இல்லாத இடம் வழியாக உள்ளே வந்தார்.

"கட்டில் எந்தப் பக்கம்?"

ஸ்டெல்லா காட்டினாள்.

"அங்க போட்டா கதவு எப்படிம்மே தொறக்கும்? குடு சாக்பீஸை."

காலாலேயே ஒரு பக்கத்துக் கோட்டை அழித்தார். இரண்டடி தள்ளிப் புதுக் கோடு போட்டார். அறை பெரிதாகிவிட்டது, நெத்திலிக்கு மிச்சமிருந்த இடமும் போய்விட்டது.

"யக்கா, அது நீ காயப்போடற எடம்."

"ரூமு மேல தளம் வரும்ல? அங்க போட்டுக்கறேன். ஒசரத்துல வெயிலும் ஜாஸ்தி, பூனையும் வராது. எனுக்கு லாபந்தான்!"

அவ்வளவுதான், கட்டுவது என்று முடிவாகிவிட்டது. இரண்டு மாதம் நாங்கள் போட்ட சண்டைக்கு ஒரு மரியாதையும் இல்லை. பெனிட்டா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மறுநாள் அம்மாவோடு பேரம் பேசினாள். சனிக்கிழமை மட்டும் அவளுக்கு அந்த அறைக்குள் அனுமதி.

புதன்கிழமை மேஸ்திரி வந்தார். கீழே எல்லாம் தட்டிப் பார்த்து, "அஸ்திவாரம் ஸ்டிராங்கா கீது சார், ஒரு ரூம் தாராளமா தாங்கும்" என்றார். மாடிக்கு வந்து, ஸ்டெல்லாவும் ரெஜினா அக்காவும் நானும் சுற்றி நிற்க, கோட்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"தளத்துக்கு எப்பிடி ஏறுவீங்க? சந்துல படி இழுக்க எடமில்ல. ஒண்ணு பண்ணலாம். ரூமு மூலைல, உள்ளயே படி ஏத்திடலாம். யக்கா காலைல கூடையோட இப்பிடி வந்து... இப்பிடி ஏறிப் போயிடும்."

சொன்னதோடு நிற்கவில்லை. சாக்பீஸை எடுத்து மூலையில் ஆறு படிகளை வரைந்தும் விட்டார்.

ஸ்டெல்லா அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா அக்காவை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? இரண்டடி விட்டுக்கொடுத்த மனுஷி ஆயிற்றே. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை உண்டு. ஆபீஸிலும் அதுதான், கல்யாண வீட்டிலும் அதுதான் – 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலையில் ஒரு பத்து நிமிஷம் அக்கா குறுக்கே போனால் என்ன குடிமுழுகிவிடும்? ஆனால் எங்கள் நடு அறையும் இப்படித்தானே ஆகியிருக்கும்... யாரோ ஒருவருக்குப் பத்து நிமிஷம், அப்புறம் எல்லாருக்கும் நாள் முழுக்க.

"வேணாம் மேஸ்திரி. உள்ள படி வேணாம். அந்த ரூமு வழியா யாரும் போவக்கூடாது... நான்கூட!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்தக் கடைசி வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ரெஜினா அக்காதான் முதலில் சிரித்தார். "கரெக்ட்டா சொன்னே நைனா! மேஸ்திரி, என் வூட்டுப் பக்கம் ஒரு இரும்பு ஏணி வெச்சுடு. நான் இவ தலைக்கு மேல நடந்துக்கறேன், குறுக்க மட்டும் நடக்க மாட்டேன்."

ஸ்டெல்லா குனிந்து, புடவைத் தலைப்பால் அந்த ஆறு படிகளையும் துடைத்தாள். மதியம் சாப்பாட்டில் வஞ்சிரத்தின் நடுத்துண்டு என் தட்டில் இருந்தது. எப்போதும் அது பெனிட்டாவுக்குத்தான் போகும்.

வீடு மாறுவதா, கட்டுவதா என்று உங்கள் வீட்டிலும் பட்டிமன்றம் நடக்கிறதா? பேசிக்கொண்டே இருப்பவர்களை விடுங்கள். பேசாமல் காபி கொடுத்துக்கொண்டிருப்பவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்துப் பாருங்கள்.

சுவர் இப்போது இடுப்பு உயரம் வந்திருக்கிறது. நேற்று கதவு வாங்க மூலக்கொத்தளம் பக்கம் பழைய மரக் கடை ஒன்றுக்குப் போனோம். தடித்த தேக்குக் கதவு ஒன்றை ஸ்டெல்லா தேர்ந்தெடுத்தாள். "தாழ்ப்பாள் எத்தினிம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரெண்டு. ரெண்டும் உள்பக்கம்."

என் படுக்கை மேலேயா கீழேயா என்று நான் இன்னும் கேட்கவில்லை!