கீறல் விழுந்ததுதான் வேண்டும் என்றார்

1. கடைக்கு வந்த ஆள்

பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் பழைய ரெக்கார்டு வாங்கி விற்பது என் தொழில். அதற்கு முன்னால் ரேடியோ ரிப்பேர் பார்த்தேன். என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: தட்டு சுத்தமாக இருக்க வேண்டும். அதிலும் எஸ்.பி. என்று நாங்கள் சொல்லும் சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு உள்ளது, கீறல் இல்லாமல் கிடைப்பது குதிரைக் கொம்பு. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்காரர்கள் ஓட்டி ஓட்டியே அவற்றைத் தேய்த்துவிட்டார்கள். மைக் செட்காரர் கையில் இருந்த தட்டு என்று தெரிந்தால் நான் தொடவே மாட்டேன்.

அப்படிப்பட்ட மைக் செட்காரர் ஒருவரே ஒரு நாள் கடைக்கு வந்து நின்றார். லாசர் அண்ணன், பூவாறு பக்கத்துக் கடற்கரைக்காரர். கடல் கேறிக் கரையை அரித்ததால் வீடு மாறியபோது, அவருடைய ரெக்கார்டுப் பெட்டியை மகன் பழைய சாமான் வாங்கும் ஆக்கிரிக் கடைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டானாம். அதிலிருந்த ஒரு எஸ்.பி. மட்டும் வேண்டும் என்றார். பழைய சினிமாப் பாட்டு. என் அதிர்ஷ்டம், அதே பாட்டு என் அலமாரியில் பளபளவென்று இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒருவர் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்காக எடுத்து வைத்தது. பிளேயரில் போட்டுக் காட்டினேன்.

லாசர் அண்ணன் முழுப் பாட்டையும் கேட்டார். "கொள்ளாம் மக்கா. ஆனா இது நிக்கல்லியே."

"எங்க நிக்கணும்?"

"ரெண்டாவது சரணத்துல. எனக்க தட்டு அங்க நிக்கும். அதாக்கும் வேணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கீறல் இல்லாத தட்டுக்காக ஊர் ஊராக அலைகிறவன் நான். என்னிடம் வந்து கீறலைக் கேட்கிறார்.

அவரை உட்காரவைத்து விவரம் கேட்டேன். அவர்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாவில் அவர் வயதுக்காரர்கள் களியல் ஆடுவார்கள். கையில் கோல் வைத்துக்கொண்டு, வட்டமாகச் சுற்றி ஆடுவது. வாலிபத்தில் லாசர் அண்ணனின் அந்தத் தட்டுக்கு ஆடிப் பழகியவர்கள். ஊசி சிக்கி ஒரே அரை வரி திரும்பத் திரும்ப வரும் இடத்தில், எதிரும் புதிருமாக நிற்பவர்கள் இடம் மாறிக்கொள்வார்கள். இந்த முறை திருவிழாக் கமிட்டி பாட்டைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறது. அரை வரி நாலு தடவை வருமாறு பிள்ளைகள் போனிலேயே வெட்டி ஒட்டியும் கொடுத்தார்கள். அப்படியும் பழகிப் பார்க்கும்போது ஆட்டம் குலைந்து, அந்தோணி என்ற மூத்த ஆட்டக்காரர் தடுக்கி விழுந்துவிட்டார். பெரியவர்கள் ஆடியது போதும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. கெஞ்சிக் கேட்டதில், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சம்மதித்திருக்கிறார்கள்.

"நான் இதுலயே ஒரு கீறல் போட்டுத் தரட்டா?" என்றேன், வேடிக்கையாகத்தான்.

"நாம கீறினா கண்ட எடத்துல நிக்கும். அது தாளத்துல விழுந்த கீறலாக்கும்."

2. உதியன்குளங்கரை ஆக்கிரிக் கடை

இந்தத் தொழிலில் முதல் பாடம், வேண்டிய பொருளைக் கேட்கக் கூடாது. பக்கத்தில் கிடப்பதைக் கேட்க வேண்டும். ரெக்கார்டு வேண்டுமானால் ஊசி உண்டா என்று கேட்பேன், மூடி உடைந்த பிளேயரைத் திருப்பிப் பார்ப்பேன், போகிற போக்கில் தட்டுக் கட்டைப் புரட்டுவேன். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. பஸ்ஸில் வரும்போதே லாசர் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிக் கூட்டி வந்தேன்.

எந்தக் கடைக்காரன் என்று மகனுக்கு நினைவில்லை; முதல் மூன்று கடைகளில் லாசர் அண்ணன் சொன்னபடி நன்றாகத்தான் இருந்தார். நாலாவது, உதியன்குளங்கரையில் சுகுமாரனின் கடை. "ஊசி வல்லதும் உண்டோ சுகுமாரா?" என்று நான் தொடங்குவதற்குள், பழைய மின்விசிறிகளுக்கு அடியில் கிடந்த கட்டிலிருந்து ஒரு தட்டை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் மனிதர். லேபிளில் மீன்பிடி வள்ளத்துக்கு அடிக்கும் பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு. ஒரே பந்தலில் இரண்டு மைக் செட் இருந்தால் தட்டு மாறிப் போகாமலிருக்க அவர் வைத்த அடையாளம்.

"எந்தா சேட்டா, நிதி வல்லதும் கிட்டியோ?" என்றான் சுகுமாரன், புதையல் கிடைத்தவரைக் கேட்பதுபோல. அடுத்த மூச்சில் தமிழுக்கு மாறினான். "அது விக்கதுக்கு இல்ல கேட்டீங்களா."

தேய்ந்துபோன தட்டுக்கு ஒருவர் இப்படித் துடித்தால் அதில் என்னவோ இருக்கிறது என்று எந்த வியாபாரியும் நினைப்பான். நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். என்ன சொல்லியும் மசியவில்லை. கடைசியில் அவன் கண் என் தோள்பை மீது போனது. ஒத்துப் பார்ப்பதற்காக என் சுத்தமான தட்டைக் கொண்டு வந்திருந்தேன்.

"அத இஞ்ச வச்சிட்டு இத எடுத்துட்டுப் போங்க."

லாசர் அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தட்டைக் கீழே வைக்கவும் இல்லை. என் தட்டைக் கொடுத்தேன். திரும்பி வரும் வழி முழுக்க, திருவனந்தபுரத்துக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்றே யோசித்தேன், மறைப்பானேன்.

3. ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் என் பிளேயரைக் கமிட்டியின் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தேன். கமிட்டிச் செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டு தொடங்கியது, கோல்கள் தட்டின. இரண்டாவது சரணத்தில், சொன்னபடியே ஊசி சிக்கியது.

ஆட்டக்காரர்கள் இடம் மாறத் தொடங்கினார்கள். அரை வரி நாலு சுற்று வந்துவிட்டது. மற்றவர்கள் ஏறக்குறைய சேர்ந்துவிட்டார்கள். முட்டி வலிக்காரரான அந்தோணி பாதி வழியில் இருந்தார்.

"அண்ணாச்சி, தட்டு நின்னுபோச்சு. எடுத்து மாத்துங்க," என்றார் செயலாளர்.

ஊசி சிக்கினால் என் கை தானாகப் போகும், பழக்கம். லாசர் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடுக்காத மக்கா. அந்தோணி இன்னும் வந்து சேரல்ல."

அவருடைய ஆள்காட்டி விரல் ஊசித் தலைக்கு மேலே நின்றது. கண் தட்டில் இல்லை, அந்தோணியின் காலில் இருந்தது. அரை வரி வந்துகொண்டே இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிலர் சிரித்தார்கள். அந்தோணி மெல்ல நடந்து தன் இடத்துக்கு வந்து, திரும்பி நின்று, கோலைத் தூக்கினார். லாசர் அண்ணன் விரல் நுனியால் ஒரு தொடு தொட்டார். ஊசி தாண்டியது. அடுத்த வரியில் எல்லாக் கோல்களும் ஒன்றாக விழுந்தன.

பிள்ளைகள் நாலு தடவை என்று எண்ணியதில் தவறில்லை. வாலிபத்தில் நாலு போதுமாக இருந்திருக்கும். இப்போது அந்தோணிக்கு இன்னும் நாலு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பென் டிரைவ் அவருக்காகக் காத்து நிற்காது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். சுத்தமான தட்டையே வாங்குங்கள், நானும் இன்றுவரை அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் ஒரு தட்டு பாழ் என்று ஒதுக்குவதற்கு முன்னால், அதை ஓட்டியவர் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாட்டில் பாதி அவர் கையில் இருக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு லாசர் அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"திருவிழாவுக்கு இந்த மெஷின எங்க வைக்கணும்? மேடையில வைக்கட்டா?"

"மேட ஒண்ணும் வேண்டாம் மக்கா," என்றார் லாசர் அண்ணன். "இவனுவளுக்க காலு தெரியுத மாதிரி ஒரு எடம் போதும்."