மாப்பிள்ளை படித்த நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

2023 மே 7, ஞாயிறு, காலை ஐந்து ஐம்பது. காற்றே இல்லை, குளித்த ஈரம் காய்வதற்குள் வேர்த்தது. நாரணாபுரத்தில் மகள் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையைப் படிக்க உட்கார வைத்தேன். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பள்ளியை விட்டு இருபத்தேழு ஆண்டு.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் அவருக்கு வேலை. ஃபோர்மேன் தேர்வில் தேறினால் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடலாம். அவர் அந்த அறைக்குப் போகிற நாளெல்லாம் என் மகளுக்குச் சோறு இறங்குவதில்லை. தேர்வுக்கு முப்பத்து நான்கு நாள் இருந்தது.

படிக்கும் பழக்கம் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையை மூன்று முறை வாசித்திருந்தேன். ஒரே இடம், ஒரே நேரம், கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் ஓய்வு. நான்கையும் செய்தோம். முதல் பக்கத்துக்கு மாப்பிள்ளை பதினோரு கொட்டாவி விட்டார். இரண்டாம் பக்கத்தின் மேலேயே தூங்கிவிட்டார்.

"கம்பெனியில கண்ணு அசராம இருக்கேன் மாமா. இங்கன அஞ்சு நிமிசம் முடியல."

"அப்ப கம்பெனியில இருக்கிற மாதிரியே இங்கனயும் இருங்க மாப்பிள்ளை."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் வீட்டின் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. மாப்பிள்ளை செருப்பையும் செல்போனையும் வாசலில் வைத்துவிட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு கத்தியால் புத்தகத்தின் முதுகைக் கிழித்தார். முப்பத்தெட்டு ஆண்டு அச்சகத்தில் தாள் எண்ணிப் பைண்டிங் பார்த்தவன் நான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மருந்து அறையில அளவுக்கு மேல சரக்கு வைக்கப்படாது மாமா," என்றார்.

நாளுக்கு நான்கு பக்கம். இரண்டு தாளை மட்டும் உள்ளே கொண்டுவருவார். படித்து முடித்ததும் எழுந்து, இருபத்திரண்டு எட்டு நடந்து, கொல்லையில் ஒரு சாக்கில் போட்டுவிட்டு வருவார். ஒரு கொட்டாவி இல்லை. ஒரு நாள் இடி இடித்ததும், மருந்து அறையை விட்டு ஓடுவது போலவே, என்னையும் மகளையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"என்ன, குடும்பமே தெருவுல நிக்கீக?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"படிச்சுக்கிட்டு இருக்கோம்," என்றார் மாப்பிள்ளை.

இருபத்தெட்டு நாளில் நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் முடிந்தன. திருப்பிப் பார்க்க ஆறு நாள் மிச்சம். மறுநாள் சாக்கை எடுக்கப் போனேன். சாக்கு காலி.

மகள் வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கம்பெனிக்குக் கொடுக்கிறவள். "சாக்குல கிடக்கிற தாளெல்லாம் குழாய்க்குத்தானேப்பா," என்றாள். பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்தாறு தாள், தாளுக்கு ஆறு குழாய். முந்நூற்று முப்பத்தாறு குழாயும் முந்தின நாளே போயிருந்தன.

அந்தப் புத்தகம் பயிற்சி வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்தது, கடையில் கிடைக்காது. உடன் படித்த மூவரிடம் கேட்டோம். மூவரும் தரவில்லை. கம்பெனிக்காகக் குழாய் வாங்கும் ஏஜென்டிடம் போனோம்.

"என்ன அண்ணாச்சி, பாடத்தையா சுத்தி அனுப்பினீக?" என்று சிரித்தார். "பொறுக்கவெல்லாம் விட முடியாது. உங்க வீட்டுச் சரக்கு நாலு மூடைக்குள்ள கலந்து கிடக்கு. நாலையும் விலைக்கு எடுத்துட்டுப் போங்க."

வீட்டில் கொட்டித் தேடியதில் இருநூற்றுத் தொண்ணூற்றொரு குழாய் கிடைத்தன. பசை காய்ந்துவிட்டதால் பிரிக்க வரவில்லை. வெளிச் சுற்றில் தெரிந்தது ஒன்றிரண்டு வரி, அதுவும் பாதியில் அறுந்தது. மகள் ஒரு குழாயை எடுத்து, உருட்டி உருட்டி அந்த அரை வரியை வாசிப்பாள். மிச்சத்தை மாப்பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் நாற்பது சொன்னார். ஆறாம் நாள் இருநூற்று எழுபது. புத்தகம் முழுசாக இருந்திருந்தால் வெறுமனே புரட்டியிருப்பார். கிடைக்காத நாற்பத்தைந்து குழாயிலிருந்து கேள்வி வருமோ என்று நான்தான் தூங்கவில்லை.

தேறிவிட்டார். அடுத்த மாதமே கலக்கும் அறையை விட்டு வெளியே வந்தார்.

குழாய்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கைபட்டு நசுங்கிய சரக்கை எடுக்க முடியாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். நான்கு மூடைக்கு 2,600, ஆட்டோ போக வர இரண்டு தடவைக்கு 280, ஏஜென்டுக்கும் அவர் ஆட்களுக்கும் டீ 60. ஆக மொத்தம் 2,940 ரூபாய்.